லாரி நுழைந்தால் பசி தீருமா?

காசா பற்றிய செய்திகளில் ஓர் எண் அடிக்கடி வரும். இன்று இத்தனை நிவாரண லாரிகள் உள்ளே போயின என்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதல், சிறிதாக இருந்தால் வருத்தம். அதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று நின்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் இருந்தால் போதும், ஒரு மாவு மூட்டையின் பின்னாலேயே நடந்து பார்த்துவிடலாம். அது எங்கே புறப்படுகிறது, எங்கெங்கே நிற்கிறது, யார் கையில் ரொட்டியாகிறது என்று தெரிந்துவிட்டால், போருக்கு நடுவே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு உதவுவது எப்படிப்பட்ட வேலை என்பதும் விளங்கிவிடும்.

முதலில், மூட்டைக்காகக் காத்திருப்பவர்களைப் பார்ப்போம். காசா என்பது மத்தியதரைக் கடலோரம் 41 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். பரப்பு 365 சதுர கிலோமீட்டர். மக்கள் 20 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர், 1948 போரில் சொந்த ஊரை இழந்து ஓடிவந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களுக்காகவே ஐ.நா. பொதுச்சபை 1949 டிசம்பரில் ஒரு தனி முகமையை உருவாக்கியது. அதை அன்ரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தற்காலிக ஏற்பாடாக 1950 மே மாதம் வேலையைத் தொடங்கிய அந்த முகமை, பள்ளிக்கூடம், மருந்தகம், ரேஷன் என்று விரிந்து இன்றுவரை நடக்கிறது. இன்றைய காசாவில் இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருக்கும் ஒரு பாட்டி, சிறு பிள்ளையாக ஏற்கெனவே ஒரு கூடாரத்தில் இருந்தவராக இருக்கலாம்.

2023 அக்டோபர் 7 அன்று, காசாவை ஆண்டுவந்த ஹமாஸும் பிற ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் இஸ்ரேல் முழு முற்றுகையை அறிவித்து மின்சாரம், உணவு, எரிபொருள் எல்லாவற்றையும் நிறுத்தியது. அக்டோபர் 13 அன்று, வடக்கில் இருக்கும் 11 லட்சம் பேரும் தெற்கே போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போகப்போக மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர், சுமார் 19 லட்சம் பேர், இடம்பெயர்ந்தார்கள். பலர் ஒருமுறையோடு நிற்கவில்லை. தெற்கில் இருக்கும் ராஃபாவுக்குப் போனார்கள், அங்கிருந்து கான் யூனிஸ், அங்கிருந்து அல் மவாசி என்ற மணல்வெளிக் கடற்கரை. ஒவ்வொரு முறையும் கையில் எடுக்க முடிந்ததைத்தான் எடுத்தார்கள்.

இடம்பெயர்ந்த குடும்பம் இழப்பது கூரையை மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். அடுப்பு போகிறது, கேஸ் சிலிண்டர் போகிறது, தண்ணீர்த் தொட்டி போகிறது, கடன் கொடுத்த மளிகைக்கடை போகிறது. ரேஷன் பட்டியலில் இருந்த முகவரியும் செல்லாமல் போகிறது. ஒரு வீடு சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இத்தனை வேலையையும் இனி வெளியிலிருந்து யாராவது செய்ய வேண்டும். நிவாரணம் என்பது இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மூட்டையிடம் போவோம்.

2023 அக்டோபர் 22 அன்று இந்திய விமானப்படை விமானம் ஒன்று, சுமார் 6.5 டன் மருந்துப் பொருள்களையும் 32 டன் நிவாரணப் பொருள்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அது இறங்கவேண்டிய இடம் எகிப்தின் சினாய்ப் பகுதியில் இருக்கும் எல் அரீஷ். காசாவில் இயங்கும் விமான நிலையம் கிடையாது, சரக்குத் துறைமுகமும் கிடையாது. அதனால் உலகின் பல நாடுகள் அனுப்பிய பொருள்களும் எல் அரீஷில்தான் குவிந்தன. அங்கிருந்து எல்லைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு லாரி பல வாரங்கள் நின்றதுண்டு.

ஏன் நிற்கிறது? சோதனை. ஆயுதமாக மாற்றக்கூடிய எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது இஸ்ரேலின் வாதம், போர் நடக்கும் இடத்தில் சோதனை செய்வதைச் சட்டமும் அனுமதிக்கிறது. சிக்கல், எதையெல்லாம் தடுப்பது என்ற பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்கும் உதவும், போருக்கும் உதவலாம் என்று கருதப்படும் பொருள்களை இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள் என்கிறார்கள். ஜெனரேட்டர், தண்ணீர்க் குழாய், கூடாரத்தின் உலோகக் கம்பு என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரே ஒரு பொருளுக்காக முழு லாரியும் திரும்பிப் போய், மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்ற சம்பவங்களை உதவி அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

சோதனை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மூட்டை இப்போது காசா எல்லையில் இருக்கும் கெரெம் ஷாலோம் வாயிலில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த லாரி அங்கே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். மதில் சூழ்ந்த ஒரு திறந்தவெளித் தளத்தில், மரப்பலகைகள்மேல் பிளாஸ்டிக் உறை சுற்றிய மாவு மூட்டைகள் வெயிலில் அடுக்கப்பட்டிருக்கும். காசா பக்கத்து லாரி ஒன்று அனுமதி பெற்று வந்து அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். 'நுழைந்தது' என்று செய்தியில் வரும் லாரி, பல நேரங்களில், இந்தத் தளம்வரை வந்த லாரி. இஸ்ரேல் தரப்பு இங்கே வந்ததை எண்ணும், ஐ.நா. இங்கிருந்து எடுக்க முடிந்ததை எண்ணும். ஒரே நாளைக்கு இரண்டு கணக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லோருக்கும் இருக்கும் அந்தத் தப்பெண்ணம் இங்கேதான் பிறக்கிறது. லாரி நுழைந்தால் நிவாரணம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். கல்யாண மண்டபத்து வாசலில் பத்து மூட்டை அரிசி இறங்கியதைப் பார்த்துவிட்டு, பந்தி நன்றாக நடந்தது என்று யாராவது சொன்னால் சிரிப்போம் இல்லையா? சமையல்காரர் வந்தாரா, அடுப்பில் கேஸ் இருந்ததா, தண்ணீர் வந்ததா, இலை போட்டார்களா, கடைசிப் பந்தியில் உட்கார்ந்த பெரியவருக்குச் சாம்பார் மிஞ்சியதா என்று கேட்போம். காசா என்று வரும்போது மட்டும் வாசலில் எண்ணியதோடு திரும்பிவிடுகிறோம்.

அந்த எண்ணுக்குள்ளேயே இன்னொரு குழப்பமும் உண்டு. போருக்கு முன் வேலைநாள் ஒன்றுக்குச் சராசரியாக 500 லாரிகள் காசாவுக்குள் போயின. அதில் எல்லாமே உணவல்ல. சிமென்ட் முதல் துணி வரை வணிகச் சரக்கும் சேர்ந்தது. அப்படியானால் உணவுக்குச் சில நூறு லாரிகள் தேவையில்லையே என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அன்று உள்ளே தோட்டம் இருந்தது, கோழிப்பண்ணை இருந்தது, மீன்பிடிப் படகுகள் இருந்தன. 2025 மே மாதம் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தபோது, விளைநிலத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் பயிரிடும் நிலையில் மிஞ்சியிருந்தது. முன்பு லாரி வராத நாளிலும் தக்காளி இருந்தது. இப்போது தக்காளியும் லாரியில்தான் வர வேண்டும்.

உண்மையில் எவ்வளவு வேண்டும்? உலக உணவுத் திட்டம் சொன்ன கணக்கு, மாதத்துக்கு 62,000 டன் உணவு. நாளுக்குச் சுமார் 2,000 டன், ஆளுக்கு ஒரு கிலோ. ஒரு லாரியில் 20 டன் என்றால் உணவுக்கு மட்டும் தினம் 100 லாரி. கைக்கு எட்டாத எண் இல்லை இது. அதனால் கேள்வி பூமியில் உணவு இருக்கிறதா என்பதல்ல, பாதை திறந்திருக்கிறதா என்பதுதான். அந்தப் பாதையின் மிகக் கடினமான பகுதி வாயிலைத் தாண்டியபின் தொடங்குகிறது.

மூட்டையை ஏற்றிய லாரி சாலைக்கு வருகிறது. எந்த வழி, எத்தனை மணி, எத்தனை வண்டி, யார் ஓட்டுநர் என்று முன்கூட்டியே ராணுவத்துக்குத் தெரிவித்து, ஒப்புதல் வாங்கிய பிறகே நகர வேண்டும். சண்டை நடக்கும் இடத்தில் உதவி வண்டிமீது குண்டு விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் அது எல்லா நேரமும் காப்பாற்றவில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று காசாவின் டெய்ர் அல் பலாவில் உள்ள கிடங்கில் உணவை இறக்கிவிட்டுத் திரும்பிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் அமைப்பின் மூன்று கார்கள், பயண விவரத்தை முன்கூட்டியே தெரிவித்திருந்தும், இஸ்ரேலிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏழு பேர் இறந்தார்கள். அது பெரும் பிழை என்று ராணுவமே ஒப்புக்கொண்டது. இந்தப் போரில் அன்ரா ஊழியர்கள் மட்டும் 300 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காசாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பலர் தாங்களே இடம்பெயர்ந்தவர்கள்.

சாலையில் இன்னொரு ஆபத்து கொள்ளை. 2024 நவம்பரில் கெரெம் ஷாலோமிலிருந்து கிளம்பிய 109 லாரிகள் கொண்ட வரிசை ஒன்றில் மிகப் பெரும்பாலானவை துப்பாக்கி முனையில் பறிபோயின. 2025 மே மாதத்துக்குப் பின் சில மாதங்கள், ஐ.நா. லாரிகளில் பெரும்பகுதி கிடங்கை எட்டவேயில்லை. ஆயுதக் கும்பல்கள் எடுத்தது ஒரு பங்கு. பசித்த மக்கள் வழியிலேயே ஏறி இறக்கிக்கொண்டது இன்னொரு பங்கு. ஹமாஸ் திருடுகிறது என்பது இஸ்ரேல் சொல்லும் காரணம். ஐ.நா. அமைப்புகளோ, ஹமாஸ் திட்டமிட்டுப் பெருமளவில் திருப்பிவிட்டதற்குச் சான்று இல்லை என்கின்றன.

கொள்ளைக்குக் காவல் போட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஒரு மூட்டை மாவை ஏன் ஒருவன் உயிரைப் பணயம் வைத்துப் பறிக்கிறான் என்று யோசிப்போம். சந்தையில் மாவே இல்லாதபோது அதன் விலை தங்கம் மாதிரி ஏறிவிடுகிறது. நாளைக்கும் லாரி வரும் என்று ஊருக்கே தெரிந்தால் அந்த விலை விழுந்துவிடும், பறிப்பதில் லாபம் இருக்காது. 2025 ஜனவரி 19 அன்று தொடங்கிய போர்நிறுத்தத்தில் நாளுக்கு 600 லாரிகள் என்று ஒப்பந்தம் ஆனது. சரக்கு சீராக வரத்தொடங்கியதும் கொள்ளை பெரும்பாலும் அடங்கிவிட்டது. லாரிக்கு நல்ல காவல், அதற்குப் பின்னால் வரும் அடுத்த லாரிதான்.

சரி, மூட்டை கிடங்கை அடைந்துவிட்டது. இப்போது யாருக்குக் கொடுப்பது? அன்ராவிடமும் பிற அமைப்புகளிடமும் குடும்ப வாரியாகப் பதிவு உண்டு. உங்கள் முறை வந்துவிட்டது, இந்த இடத்துக்கு வந்து 25 கிலோ மாவு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைப்பேசிக்குச் செய்தி போகும். பள்ளிக்கூடம், மருந்தகம், முகாம் என்று சுமார் 400 இடங்களில் விநியோகம் நடந்தது. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், முதியவரும் விதவையும் தங்கள் பங்கை வாங்கிவிடலாம்.

2025 மார்ச் 2 முதல் சுமார் பதினொரு வாரம் எதுவும் உள்ளே விடப்படவில்லை. அதற்குப் பிறகு மே மாத இறுதியில், அமெரிக்க, இஸ்ரேலிய ஆதரவோடு, காசா மனிதாபிமான அறக்கட்டளை என்ற புதிய அமைப்பு வந்தது. உதவி ஹமாஸ் கையில் சிக்காது என்று சொல்லி, நான்கே இடங்களில் உணவுப் பெட்டி கொடுத்தார்கள். மக்கள் பல கிலோமீட்டர் நடந்து, ராணுவ நிலைகளைக் கடந்து போக வேண்டியிருந்தது. கனமான பெட்டியைத் தூக்கித் திரும்பக்கூடியவர் யார்? திடமான இளைஞர். மிகவும் பசித்தவர் வீட்டிலேயே இருந்தார். ஜூலைக்குள், உணவு தேடிப்போன 1,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகவும் அவர்களில் பெரும்பாலோர் அந்த மையங்களின் அருகே இறந்ததாகவும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. எச்சரிக்கைக்காகவே சுட்டோம் என்றது ராணுவம். தன் மையங்களுக்குள் அப்படி நடக்கவில்லை என்றது அறக்கட்டளை. விநியோகத்தில் தூரம் என்பதும் ஒரு வகைத் தேர்வு என்பது இதிலிருந்து தெரிகிறது. யார் பெறுவார், யார் பெறமாட்டார் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது.

மூட்டை கூடாரத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் அது இன்னும் சாப்பாடு ஆகவில்லை. மாவைப் பிசையத் தண்ணீர் வேண்டும், சுட நெருப்பு வேண்டும். காசா தெருக்களில் மண்ணால் எழுப்பிய தாபூன் அடுப்புகள் முளைத்தன. உடைந்த கதவு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் என எது கிடைத்ததோ அதை எரித்தார்கள். உலக உணவுத் திட்டம் நடத்திய 25 பேக்கரிகள் குறைந்த விலையில் ரொட்டி தந்தன. முற்றுகையின்போது, 2025 ஏப்ரல் தொடக்கத்தில், மாவும் எரிபொருளும் தீர்ந்து அந்த 25 பேக்கரிகளும் மூடிவிட்டன. அதன்பின் பலருக்குக் கிடைத்த ஒரே சூடான உணவு, தக்கியா என்று அங்கே சொல்லப்படும் பொதுச் சமையற்கூடத்தின் பருப்புக் கஞ்சியோ பாஸ்தாவோதான். பெரிய அண்டாவைச் சுற்றி நெருக்கியடித்து, பிள்ளைகள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்ற படங்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

தண்ணீருக்கும் இதே கதைதான். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் கழுவவும், என்பது உலக நிவாரண அமைப்புகள் வைத்திருக்கும் அளவு. காசாவின் நிலத்தடி நீரில் ஏறத்தாழ முழுவதுமே உப்பும் கழிவும் கலந்து குடிக்க உதவாதது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஓட மின்சாரமோ டீசலோ வேண்டும். ஒரே மின்நிலையம் 2023 அக்டோபர் 11 அன்று நின்றுவிட்டது. அதனால் டீசல் லாரியை ஒருநாள் நிறுத்தினால் தண்ணீர், மருத்துவமனை, பேக்கரி, உதவி வண்டி நான்கும் ஒன்றாகத் தடுமாறும்.

சந்தையில் ஏதாவது இருந்தால், கையில் பணம் கொடுப்பதும் நிவாரணம்தான். கைப்பேசிக் கணக்குக்கே பணம் அனுப்பினார்கள். ஆனால் புது நோட்டுகள் காசாவுக்குள் வரவில்லை, இருந்த நோட்டுகளும் கந்தலாகிவிட்டன. கணக்கில் இருக்கும் பணத்தை ரொக்கமாக்கித் தரும் இடைத்தரகர்கள் ஒரு கட்டத்தில் 40 விழுக்காடு வரை கழித்துக்கொண்டார்கள்.

பட்டினி எவ்வளவு என்பதை அளக்க ஒரு சிறு நாடா போதும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையில் சுற்றுவார்கள். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை, குறைந்தால் மஞ்சள், 11.5க்கும் கீழே போனால் சிவப்பு. சிவப்பு வந்த குழந்தைக்குப் பருப்புக் கஞ்சி போதாது. வேர்க்கடலையும் பால்பொடியும் எண்ணெயும் சர்க்கரையும் சத்துகளும் சேர்த்த பசை ஒன்று உண்டு. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீரோ அடுப்போ வேண்டாம், ஓரத்தைக் கிழித்து அப்படியே சப்பலாம். ஆனால் பல வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வாரமும் யாராவது அந்தக் கையை அளக்க வேண்டும். நடுவில் சாலை அடைபட்டாலோ குடும்பம் மறுபடி இடம்பெயர்ந்தாலோ சிகிச்சை அறுந்துபோகிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று, உணவுப் பாதுகாப்பை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு, காசா நகரம் இருக்கும் மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. இஸ்ரேல் அதை மறுத்தது.

அப்படியானால் வானத்திலிருந்து போடலாமே, கடல்வழியாகக் கொண்டுபோகலாமே என்று நமக்குத் தோன்றும். இரண்டும் நடந்தன. விமானம் ஒன்று வீசுவது ஓரிரு லாரிச் சுமைக்கு மேல் போகாது. செலவோ பல மடங்கு. 2024 மார்ச்சில் பாராசூட் விரியாமல் விழுந்த சரக்கு ஐந்து பேரின் உயிரை எடுத்தது. அமெரிக்கா சுமார் 23 கோடி டாலர் செலவில் கட்டிய மிதக்கும் துறை, 2024 மே மாதம் தொடங்கி ஜூலையில் கழற்றப்பட்டது. அலையால் உடைந்ததும் நிறுத்தியதும் போக, சுமார் 20 நாள்தான் ஓடியது. வந்து இறங்கியது ஏறத்தாழ 8,800 டன். முன்னால் போட்ட கணக்கில், நான்கரை நாள் சாப்பாடு.

செய்ய முடிந்ததற்கும் ஒரு சான்று உண்டு. 2024 ஆகஸ்டில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு காசாவில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. செப்டம்பரில், பகுதி பகுதியாகச் சண்டையைச் சில மணி நேரம் நிறுத்த இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. பன்னிரண்டு நாளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேர்ந்தது. குளிர்பெட்டி, ஊழியர், பட்டியல், தாய்மாரின் நம்பிக்கை எல்லாம் அங்கே தயாராகத்தான் இருந்தன. கூடுதலாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: பாதுகாப்பாக நடமாட அனுமதி.

இதை யாரோ மனமிரங்கிச் செய்யும் தருமம் என்று நினைப்பதும் சரியில்லை. 1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், தன் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலத்து மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்யும் கடமை ஆக்கிரமித்த நாட்டுக்கு உண்டு என்கிறது. தன்னால் இயலாவிட்டால் வெளி உதவிக்கு ஒப்புக்கொண்டு வழிவிட வேண்டும். 2005இல் படையை விலக்கிக்கொண்டதால் காசாவைத் தான் ஆக்கிரமிக்கவில்லை என்பது இஸ்ரேலின் வாதம். அக்டோபர் 7 தாக்குதலில் அன்ரா ஊழியர்கள் சிலர் பங்கேற்றதாகவும் அது குற்றம் சாட்டியது. ஐ.நா. விசாரித்து, தொடர்பு இருந்திருக்கலாம் என்று கண்ட ஒன்பது பேரை நீக்கியது. இவற்றையெல்லாம் பார்த்தபின், 2025 அக்டோபர் 22 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், அன்ரா உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகளின் உதவிக்கு இஸ்ரேல் வழிவிடக் கடமைப்பட்டது என்றது. இஸ்ரேல் அதை ஏற்கவில்லை.

2025 அக்டோபர் 10 அன்று மீண்டும் ஒரு போர்நிறுத்தம் வந்தது, மீண்டும் நாளுக்கு 600 லாரி என்ற பேச்சு வந்தது, எத்தனை போயின என்ற வாதமும் கூடவே வந்தது. நாம் இப்போது அந்த வாதத்தைக் கொஞ்சம் தெரிந்தவர்களாகக் கேட்கலாம். எண்ணியது வாயிலிலா, கிடங்கிலா? லாரியில் வந்தது மாவு மட்டுமா, கேஸும் டீசலும் சேர்ந்தா? வாங்கப் போகிறவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இவற்றோடு மறக்காமல் கேட்கவேண்டியது, நேற்று எத்தனை, நாளைக்கு எத்தனை. ஒருநாள் 600 வந்து பத்துநாள் ஒன்றும் வராத ஊரைவிட, தினமும் நிச்சயமாக 200 வரும் ஊரில் ஒரு தாய் இன்றைய ரொட்டியைப் பிள்ளைகளுக்கு முழுதாகப் பிட்டுக்கொடுப்பாள், நாளைக்கென்று பாதியை ஒளித்துவைக்க மாட்டாள்.